பள்ளி வேலையோடு கல்வியியல் முதுகலை: செட்டிநாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பணியில் இருந்துகொண்டே கல்வியியலில் முதுகலைப் பட்டம் பெற நினைக்கும் ஆசிரியர்கள், எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு கட்டணம் என்ற இரண்டு கேள்விகளோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தேவகோட்டைப் பக்கத்தில் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே படித்த எனக்கு, இரண்டு ஆண்டில் முடிந்திருக்க வேண்டிய படிப்பு மூன்று ஆண்டு பிடித்தது. பட்டம் எதற்கு, படிக்க நேரம் எங்கே என்ற இரண்டையும் கணக்குப் பார்க்காமல் இறங்கியதுதான் காரணம். இந்தப் பக்கத்தில் கடை வைத்தவர்கள் ஐந்தொகை எடுத்து, வரவும் பற்றும் நேராகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த முதலைப் போடுவார்கள். நான் முதலைப் போட்ட பிறகு ஐந்தொகை எடுத்தேன். அந்தக் கணக்கை முன்கூட்டியே எப்படி எடுப்பது என்பதைத்தான், நான் கடந்துவந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்தப் பட்டம், எதற்காக

கல்வியியலில் முதுகலை என்று பொதுவாகச் சொல்லப்படும் பட்டங்கள் இரண்டு. ஒன்று எம்.எட்.; மற்றது எம்.ஏ. கல்வியியல். பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன, ஆணைகளில் கலப்பதில்லை. எம்.எட். என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் தேவைப்படும் தொழிற்கல்விப் பட்டம். அக்குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை இரண்டாண்டுப் படிப்பாக்கி, ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், பாட வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை, களப்பணிக்கு 90 விழுக்காடு வருகை என்று வகுத்தன. தொலைநிலையில் நடத்தலாம் என்று அவ்விதிமுறைகள் இடம்கொடுத்தவை தொடக்கக் கல்விப் பட்டயமும் பி.எட்.டும் மட்டுமே, அந்தப் பட்டியலில் எம்.எட். இல்லை. ஆகவே, வீட்டிலிருந்தே எம்.எட். என்று யாராவது விளம்பரம் செய்தால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது. எம்.ஏ. கல்வியியல், பொருளாதாரம் வரலாறு போல ஒரு முதுகலைப் பாடம். அதைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் முறையாக நடத்தும் பல்கலைக்கழகங்கள் உண்டு. வேலையை விடாமல் படிக்க நம்மால் முடிவது இதுதான்.

நான் சேர விசாரித்துக்கொண்டிருந்த நாட்களில் சேர்க்கை முகவர் ஒருவர் ஒரே வாரத்தில் நான்கு முறை தொலைபேசியில் அழைத்தார். “டீச்சர், இது ஆன்லைன் எம்.எட். தான் டீச்சர். ரெண்டும் ஒண்ணுதான், பேருதான் வேற” என்றார். “அப்ப சான்றிதழ்ல எம்.எட்.டுன்னு அச்சாகி வருமா தம்பி?” என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. “அது எம்.ஏ. எஜுகேஷன்னு வரும் டீச்சர்” என்றார். பின்னால் அலுவலகத்தில் கோப்பைப் பார்ப்பவர் படிக்கப்போவது சான்றிதழில் அச்சாகும் பெயரையே என்பதால், விசாரிக்கும்போது இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.

அடுத்து, அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும். முதுகலை ஆசிரியராகப் பதவி உயர்வு பெற நினைப்பவருக்கு, மேல்நிலை வகுப்பில் கற்பிக்கப்படும் பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும், கணித ஆசிரியருக்குக் கணிதத்தில், தமிழாசிரியருக்குத் தமிழில். எம்.ஏ. கல்வியியல் அந்த இடத்தை நிரப்பாது. இது தெரியாமல் சேர்ந்து, முடித்த பிறகு பதவி உயர்வுப் பட்டியலில் பெயரைத் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் நோக்கம் அதுவென்றால், இங்கேயே நிறுத்திவிட்டு உங்கள் பாடத்தின் முதுகலைக்கு விண்ணப்பியுங்கள்.

கல்வியியல் கல்லூரியில் பணியாற்ற விரும்புபவருக்கு இப்பட்டம் ஓரளவு பயன்படும். 2014 விதிமுறைகளின்படி பி.எட். கல்லூரிகளில் கல்வித் தத்துவம், உளவியல், சமூகவியல் போன்ற அடிப்படைப் பாடங்களைக் கற்பிக்க, எம்.ஏ. கல்வியியலில் 55 விழுக்காடும் பி.எட்.டில் 55 விழுக்காடும் பெற்றவர் தகுதியுடையவர். கணிதம் கற்பித்தல், அறிவியல் கற்பித்தல் போன்றவற்றுக்கு எம்.எட். இல்லாமல் வழியில்லை. ஆகவே பழைய பி.எட். மதிப்பெண் பட்டியலை இப்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள். அதில் 53 இருந்தால், முதுகலையில் 75 வாங்கியும் இந்தக் கதவு திறக்காது. கல்வியியலில் தேசியத் தகுதித் தேர்வு (நெட்) எழுதவும் முதுகலையில் 55 விழுக்காடு தேவை. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், கிரீமிலேயரில் வராத பிற பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோருக்கு 50.

ஊக்க ஊதிய உயர்வை நம்பிச் சேர்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மூத்த ஆசிரியர்கள் ஒவ்வொரு கூடுதல் பட்டத்துக்கும் ஊதிய உயர்வு பெற்ற கதையைச் சொல்வார்கள். அது அவர்கள் காலத்துக்கு உண்மை. 2020 மார்ச்சு மாத அரசாணை அந்த முறையை நிறுத்திவிட்டது. அதன் பிறகு வந்த ஆணைகளையும் சேர்த்துப் படித்து, உங்களுக்கு என்ன பொருந்தும் என்பதைப் பள்ளி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்தத் தொகையை வரவில் எழுதுங்கள். இவை எதுவுமில்லாமல், இருபது ஆண்டாக வகுப்பில் நாம் செய்துவருவது ஏன் சில நாள் பலிக்கிறது, ஏன் சில நாள் பலிப்பதில்லை என்று புரிந்துகொள்வதற்காகவே படிப்பவரும் உண்டு. என் மூன்று ஆண்டு எனக்கு அந்த வகையில்தான் ஈடானது.

இன்னொன்று. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கான ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) குறித்து உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று வழங்கிய தீர்ப்பில், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அந்தத் தேர்ச்சி இல்லாதவராக இருந்தால், உங்கள் நிலை என்ன என்பதைச் சங்கத்திலும் அலுவலகத்திலும் கேட்டுத் தெளிந்துகொண்டு, முதலில் அதை முடியுங்கள். இரண்டையும் ஒரே ஆண்டில் தூக்கிச் சுமக்க முடியாது.

நிறுவனத்தைச் சரிபார்த்தல்

தொலைநிலையும் இணையவழியும் சட்டத்தின் கண்ணில் வேறுவேறு முறைகள். தொலைநிலையில் அச்சிட்ட பாடநூல்களும், வார இறுதி நேர்முக வகுப்புகளும், தேர்வு மையமும் இருக்கும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் அதைத் தம் எல்லைக்குள்ளேதான் நடத்த முடியும். இணையவழிக்கு அந்த எல்லை கிடையாது. காணொளிப் பாடம், மின்பாடம், கலந்துரையாடல் பகுதி, தன்மதிப்பீடு என நான்கு கூறுகளும் அதில் இருக்க வேண்டும். தேர்வும் கண்காணிப்போடு நடக்க வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள். அவற்றின்படி அனுமதி பெற்று நடத்தப்படும் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்கு இணையானவை என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. உங்கள் தலைமையாசிரியர் “அஞ்சல் வழிப் பட்டம்தானே” என்று முகத்தைச் சுளித்தால் இந்த அறிவிப்பின் நகலைக் காட்டலாம்.

அனுமதி என்பது பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை. பாடத்துக்குப் பாடம், முறைக்கு முறை தனித்தனியாகத் தரப்படுவது. பல்கலைக்கழகம் பெயர்பெற்றதாக இருக்கலாம், அதன் எம்.ஏ. கல்வியியலுக்கு, நீங்கள் சேரும் அந்தப் பருவத்தில், இணையவழி அனுமதி இருக்கிறதா என்பதே கேள்வி. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இந்தப் பட்டியல் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சான்று சரிபார்க்கும் நாளில் அந்த ஒரு தாள் பல அலைச்சல்களை மிச்சப்படுத்தும். பாடத்தையும் தேர்வையும் வேறு நிறுவனத்திடம் குத்தகைக்கு விட்டுப் பட்டம் மட்டும் கொடுக்கும் ஏற்பாட்டை மானியக் குழு அனுமதிப்பதில்லை என்பதால், பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். மாதத் தவணை என்று முகவர் சொல்லும்போது, அது பல்கலைக்கழகம் தரும் தவணையா, உங்கள் பெயரில் எங்கோ எடுக்கப்படும் கடனா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

நம் பக்கத்தில் உயர்கல்விக்குப் பஞ்சமில்லை. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947இல் கலைக் கல்லூரியையும் 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியையும் காரைக்குடியில் தொடங்கினார். அந்த வளாகமே 1985இல் அழகப்பா பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டினது. ஊர்ப்பெருமையை வைத்துப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அதே பட்டியலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால், மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்துப் பிழை வந்தால் நேரில் போய் நிற்கும் தூரத்தில் அலுவலகம் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள். பயிற்றுமொழி, தேர்வை எந்த மொழியில் எழுதலாம், தேர்வு மையம் எங்கே, தேர்வுக் கட்டணம் தனியா என்ற நான்கையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெயரும் விலாசமும்

இணையவழியிலோ தொலைநிலையிலோ சேர்பவர்கள் 2024ஆம் ஆண்டிலிருந்து மானியக் குழுவின் தளத்தில் ஓர் அடையாள எண்ணைப் பெற்றாக வேண்டும். அரசின் மின்னாவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் கணக்கு, அதன் வழியாக, படிப்பில் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கல்வி கிரெடிட் வங்கியின் எண், அதைக் கொண்டு தொலைநிலைக் கல்விப் பிரிவின் எண் என்ற வரிசையில் போக வேண்டும். வரிசை எளிது, சிக்கல் பெயரில் வரும்.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயர் மட்டுமல்லாமல் பாட்டனார், முப்பாட்டனார் பெயர்களின் முதலெழுத்துகளும் நிற்கும்; அதை இங்கே விலாசம் என்பார்கள். புதுவயலிலிருந்து வரும் என் சக ஆசிரியர் ஒருவருக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மூன்று விலாச எழுத்துகள். பட்டச் சான்றிதழில் இரண்டு. ஆதாரில் ஓர் எழுத்தும் இல்லாமல், தகப்பனார் பெயர் முழுதாகப் பின்னால் நிற்கிறது. மூன்றும் ஒரே மனிதர்தான் என்று ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டு, அந்தப் பருவச் சேர்க்கை கடந்துபோனது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஆதாரை மாற்றிக்கொள்வதுதான் குறைந்த அலைச்சல். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே மாற்றலாம் என்பதால், விலாச எழுத்துகளின் இடைவெளியும் புள்ளியும் உட்பட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு மையத்துக்குப் போங்கள். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாறிய ஆசிரியைகளுக்கும் இதே அறிவுரை.

முன்அனுமதி

அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் வேலை பார்ப்பவர், விண்ணப்பத்துக்கு முன்பே உயர்கல்வி பயில முன்அனுமதி கோரித் தலைமையாசிரியர் வழியாகக் கடிதம் கொடுக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் அது வட்டாரக் கல்வி அலுவலருக்கும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் போகும். உதவிபெறும் பள்ளியில் செயலரின் ஒப்புதலும் வேண்டும். கடிதத்தில் பல்கலைக்கழகம், பட்டத்தின் பெயர், முறை, கால அளவு, பள்ளி நேரத்துக்கு இடையூறின்றிப் படிப்பேன் என்ற உறுதி ஆகியவை இருந்தால் போதும். கொடுத்ததற்குத் தேதியிட்ட ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது, அனுமதி பின்னால் வரட்டும் என்று நினைப்பது எல்லோருக்கும் தோன்றுவதுதான். அனுமதி ஆணையின் தேதி சேர்க்கைத் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றும் நாளில் விளக்கம் எழுதிக் கொடுக்க நேரிடும். தனியார் பள்ளியில் இருப்பவர்களுக்கு இந்தச் சடங்கு இல்லாவிட்டாலும், தேர்வு நாட்களில் விடுப்புத் தருவதாக நிர்வாகத்திடம் முன்பே சொல்லி வாங்கிவிடுவது நல்லது.

நேரத்தின் ஐந்தொகை

இனி நான் தவறவிட்ட கணக்கு. தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 30 மணி நேர உழைப்பு. வாசிப்பது, காணொளி பார்ப்பது, ஒப்படைப்பு (அசைன்மென்ட்) எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். ஒரு பருவத்துக்கு 16 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 480 மணி நேரம். பருவத்தை 26 வாரம் என்று கொண்டால் வாரத்துக்குப் பதினெட்டரை மணி நேரம். பள்ளி நாட்களில் தினம் இரண்டு மணி, சனியும் ஞாயிறும் நாலேகால் மணி என்று போட்டால்தான் கணக்கு நேராகும். ஒரு நாளில் இரண்டு மணி என்பது கேட்கச் சிறிதாகத்தான் இருக்கும். ஆனால், மாலை நாலரைக்குப் பள்ளி முடிந்து, கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் அன்றைய பதிவை முடித்துவிட்டு, கல்லல் பேருந்தைப் பிடித்து வீடு சேர்ந்து, அடுப்பு வேலையும் முடித்த பிறகு எஞ்சும் நேரத்தில் அந்த இரண்டு மணி எங்கே உட்காரும் என்பதைச் சேரும் முன்பே கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அது அதிகாலை நாலரை முதல் ஆறரை வரை என்று கண்டுபிடிக்க ஒரு பருவம் வீணாயிற்று.

வார்த்தையாக ஒப்புக்கொள்ளாமல், ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். ஒரு குறிப்பேட்டில் தினமும் உறங்கப் போகும் முன், அன்று உண்மையிலேயே வேறு வேலையில்லாமல் இருந்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். தொலைக்காட்சி பார்த்த நேரத்தையும் நேர்மையாக அதில் சேருங்கள். வாரக் கடைசியில் கூட்டினால் பத்து மணி நேரம்கூட வரவில்லையென்றால், எல்லாத் தாள்களையும் ஒரே பருவத்தில் எடுக்க வேண்டாம். இரண்டாண்டுப் படிப்பை நான்கு ஆண்டுக்குள் முடிக்க இடம்கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. அத்தகைய ஒன்றில் சேர்ந்து பாதிப் பாதியாக முடிப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

நாள் கணக்கு முடிந்தால் ஆண்டுக் கணக்கு. பல நிறுவனங்களில் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. ஜூன் என்றால் பள்ளி திறப்பு, புத்தக வினியோகம், மாணவர் சேர்க்கை. டிசம்பர் என்றால் அரையாண்டுத் தேர்வும் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டும். மார்ச்சில் பொதுத் தேர்வு அறைக் கண்காணிப்பு, ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம். இவற்றோடு இந்த மண்ணின் நாட்காட்டியையும் வையுங்கள். கார்த்திகைத் தீபத்துக்குப் பின் இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு. தையில் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடைப்பயணம். வைகாசியில் கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழா. வீட்டில் விருந்தினர் நிறையும் இந்த நாட்களில் படிப்பேன் என்று எழுதி வைப்பது பொய்க்கணக்கு. என் இரண்டாம் பருவ ஒப்படைப்புகளின் கடைசி நாள் மார்ச்சு மாத இறுதியில் விழுந்தது. அறைக் கண்காணிப்பிலிருந்து திரும்பிய ஒரு மாலையில்தான் அந்தத் தேதி முந்திய நாளே கடந்துவிட்டதைப் பார்த்தேன். இரண்டு தாள்கள் அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போயின. மூன்றாம் ஆண்டு பிடித்தது அதனால்தான். ஒப்படைப்புத் தேதிகளைக் கைபேசியில் மட்டும் பதியாமல், சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதுங்கள்; வீட்டில் உள்ளவர்களும் அதைப் பார்ப்பார்கள்.

பணம் கட்டும் முன், ஸ்வயம் தளத்தில் கல்வியியல் சார்ந்த எட்டு வாரப் பாடம் ஒன்றைப் படித்து முடியுங்கள். 2017இல் மத்திய அரசு தொடங்கிய அந்தத் தளத்தில் படிக்கக் கட்டணமில்லை. சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் உண்டு. ஐந்தாம் வாரத்தில் நீங்கள் இன்னும் காணொளிகளைத் திறந்துகொண்டிருந்தால், முதுகலையிலும் தாக்குப்பிடிப்பீர்கள். பல பல்கலைக்கழகங்கள் இதில் பெறும் கிரெடிட்டுகளைப் பட்டத்தில் சேர்த்துக்கொள்கின்றன என்பது கூடுதல் ஆதாயம்.

வாசிப்பும் ஒப்படைப்பும்

பாடநூல் கையில் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் இ-ஞானகோஷ் தளத்திலும், முதுகலைக்கான பாடங்கள் இ-பிஜி பாடசாலையிலும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சோத்கங்காவிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருப்பதால், முதல் மாதத்திலேயே ஒரு கலைச்சொல் ஏட்டைத் தொடங்குங்கள். நம் மதிப்பெண் பதிவேட்டில் ஏற்கெனவே எழுதிவரும் வளரறி மதிப்பீடு (பாடம் நடக்கும்போதே செய்வது), தொகுத்தறி மதிப்பீடு (பருவ முடிவில் செய்வது) ஆகியவையே அந்தப் புத்தகங்களிலும் பக்கம் பக்கமாக வருகின்றன என்று தெரியும்போது பாதி அச்சம் போய்விடும்.

ஒப்படைப்பில் மதிப்பெண் இழக்க வைப்பது பாடநூலின் வரிகளை அப்படியே எடுத்து எழுதும் பழக்கம். திருத்துபவர் அந்த வரிகளை நூறு தாள்களில் படித்திருப்பார். கருத்தைச் சொன்ன பிறகு, நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை வைத்து அதை விளக்குங்கள். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்ன அண்மை வளர்ச்சி மண்டலம் எனக்கு விளங்கியது ஆத்தங்குடியில். என் மாணவன் ஒருவனின் தகப்பனார் அங்கே பூக்கல், அதாவது பூவேலைத் தரைக்கல், செய்பவர். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்த உலோகச் சட்டத்தில் அறை அறையாக நிறக் குழம்பை ஊற்ற வேண்டும். ஓர் அறையின் நிறம் இன்னொன்றில் வழிந்தால் கல் பாழ். பையனைத் தனியாக விட்டபோது இதழின் நுனியில் நிறம் வழிந்தது. தகப்பனார் கரண்டியைப் பிடுங்கவில்லை. பையனின் மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு விரலை மட்டும் முட்டுக் கொடுத்தார். நாலாவது கல்லில் அந்த விரல்கள் விலகிக்கொண்டன, நிறம் வழியவில்லை. தனியாகச் செய்ய முடியாததற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையிலுள்ள அந்த இடத்தைத்தான் புத்தகம் ஒரு பக்கம் முழுக்க விவரிக்கிறது. இதை எழுதிய ஒப்படைப்புக்கு நான் பெற்ற மதிப்பெண்ணே அந்தப் பருவத்தில் அதிகம்.

இதே பாடத்தில் ஒரு சறுக்கலையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு விரலுக்குக் கல்வியியலில் சாரக்கட்டு என்று பெயர். அந்தச் சொல்லையும் வைகாட்ஸ்கியின் கணக்கில் எழுதுவது தேர்வுத்தாள்களில் வழக்கமான பிழை. அவர் 1934இலேயே மறைந்துவிட்டார். இந்தப் பொருளில் அச்சொல்லை 1976ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் கொண்டுவந்தவர்கள் வுட், புரூனர், ராஸ் என்ற மூவர். அதுபோலவே, கற்றல் நோக்கங்களைப் படிநிலையாக அடுக்கும் புளூமின் 1956ஆம் ஆண்டு வகைப்பாட்டையும் 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தியமைத்ததையும் கலக்காதீர்கள்; பழையதில் உச்சியில் இருப்பது மதிப்பிடுதல், புதியதில் படைத்தல்.

ஆய்வேடு இருக்கும் படிப்பானால், தலைப்பு உங்கள் வகுப்பறைச் சுவருக்குள்ளேயே இருக்கட்டும். ‘தமிழ்நாட்டில் தொடக்கக் கல்வி’ என்பது தலைப்பாகாது. ‘என் ஆறாம் வகுப்பில் வாய்விட்டு வாசிக்கத் தயங்கும் பதினொரு மாணவர்களுக்கு இணைவாசிப்பு எட்டு வாரத்தில் என்ன செய்தது’ என்பது தலைப்பு. தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி, பெற்றோர் ஒப்புதல், மாணவர் பெயருக்குப் பதிலாக எண் என்ற மூன்றும் இல்லாமல் தரவு சேகரிக்கத் தொடங்க வேண்டாம்.

தேர்வு

மையத்தில் எழுதும் தேர்வில் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. மதிப்பெண்ணில் குறைந்தது 70 விழுக்காடு அதில்தான் என்பதை நினைவில் கொண்டால் சரி. வீட்டிலிருந்து கேமரா கண்காணிப்பில் எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு செட்டிநாட்டுச் சிக்கல் உண்டு. பழைய வீடுகளின் சுவர் கனத்துக்கு அலைபேசிச் சிக்னல் இரண்டாம் கட்டைத் தாண்டி உள்ளே வருவதில்லை. வளவு முற்றத்தில் நன்றாக வரும், ஆனால் அங்கே வெளிச்சம் முகத்தில் பட்டுக் கேமராவில் ஒன்றும் தெரியாது, போகிற வருகிறவர்களும் படத்தில் விழுவார்கள். மாதிரித் தேர்வு நாளன்றே, அதே நேரத்தில், அதே நாற்காலியில் உட்கார்ந்து சோதியுங்கள். மின்வெட்டுக்கு மடிக்கணினியின் மின்கலமும், இணையம் அறுந்தால் வேறு நிறுவனத்தின் சிம் போட்ட கைபேசியும் தயாராக இருக்கட்டும். நான் கடைசி இரண்டு பருவமும் கோட்டையூரில் தோழி ஒருவரின் புது வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எழுதினேன். அவருடைய மாமியார் ஆச்சி மூன்று மணி நேரமும் மாடிப்படியில் காவல் இருந்து, ஒருவரையும் மேலே விடவில்லை.

முடித்த பிறகு

தேர்ச்சி பெற்றதும் தற்காலிகச் சான்று, ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் மூன்றையும் வாங்குங்கள். டிஜிலாக்கரில் ஏறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அலுவலகம் அடுத்துக் கேட்பது உண்மைத்தன்மைச் சான்று. சான்றிதழ் நகல்களைப் பள்ளி வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, அவை மெய்யானவை என்று எழுத்தில் பெற வேண்டும். பதில் வர மாதங்கள் ஆகலாம் என்பதால், பட்டம் கைக்கு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். முன்அனுமதி ஆணை, மானியக் குழுப் பட்டியலின் அந்தப் பழைய அச்சு, உண்மைத்தன்மைச் சான்று ஆகியவற்றை இணைத்துக் கொடுத்தால் பணிப்பதிவேட்டில் பட்டம் ஏற்றப்படும். எழுதியதும் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எனக்கு முதல் முறை ‘எம்.எட்.’ என்றுதான் எழுதியிருந்தார்கள், அடித்து, ‘எம்.ஏ. கல்வியியல்’ என்று திருத்தி, தலைமையாசிரியர் பக்கத்தில் தேதியோடு சுருக்கொப்பமிட்ட பிறகே நகல் எடுத்துக்கொண்டு வந்தேன்.